பஞ்சர் ஒட்ட நாமும் கற்போம் - கடைக்கு எது, கைக்கு எது?



போன மழைக்காலத்துக்கு முன் எங்கள் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவில் நடந்ததை முதலில் சொல்கிறோம். மாதக் கூட்டத்தில் சந்தா வசூல் முடிந்து உள்கடன் பேச்சு வந்தது. ஒரு அக்கா 3,000 ரூபாய் கடன் கேட்டார். எதுக்கு என்று கேட்டோம். "பிள்ளைக்கு பழைய சைக்கிள் ஒண்ணு விலைக்கு வருது. பள்ளிக்கூடத்துல குடுத்த சைக்கிள் வீணாப் போச்சு. மூணு வாரமா சுவத்துல சாத்திக் கிடக்கு. நாலு கிலோமீட்டர் நடந்து போயிட்டு வந்து அவளுக்கு கால் வலி. பாதி நாள் போறதே இல்ல. அவுக அப்பா பிளஸ் டூ போதும், நிப்பாட்டிரலாங்குறாரு" என்றார்.

மூன்று வாரமாகச் சைக்கிளுக்கு என்ன கேடு என்று யாரும் பார்க்கவில்லை. கடை மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தள்ளிக்கொண்டு போக ஆள் இல்லை. அப்பாவுக்கு வேலை, அம்மாவுக்கும் வேலை. கூட்டம் முடிந்ததும் நாலு பேர் போய்ப் பார்த்தோம். டயர் நல்லா இருந்தது. டியூபிலும் ஓட்டை இல்லை. காற்று அடிக்கிற வாயில் இருக்கிற சின்ன ரப்பர், கடையில் வால்டியூப் என்று கேட்போமே, அது வெடித்துப் போயிருந்தது. டீ குடிக்கிற காசுக்குள் முடிகிற சாமான். அதற்காக 3,000 ரூபாய் கடனும், ஒரு பிள்ளையின் படிப்பும் போக இருந்தது.

அன்றைக்கே எங்களுக்கு ஒரு கேள்வி வந்தது. ஓட்டத் தெரிந்த நமக்கு, நின்று போன சைக்கிளைப் பார்க்க ஏன் தெரியவில்லை?

நாம் வந்த பாதை

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-92இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சைக்கிளும் சேர்த்துக் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சித் தலைவர். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். கேலி பேசினவர்கள் வாய் மூடினார்கள். தண்ணீர்க் குடம், விறகு, பிள்ளை எல்லாவற்றையும் சைக்கிளில் வைத்துப் பெண்கள் தாங்களே போய் வந்தார்கள். பிறகு 2001இல் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவிகளுக்கு என்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. இப்போது நம் வீடுகள் பலவற்றில் ஒரு சைக்கிள் நிற்கிறது.

ஏறி மிதிக்கக் கற்றோம். ஆனால் ஸ்பேனர் மட்டும் இன்னும் ஆண்பிள்ளை கையில்தான். சைக்கிள் நின்றால் நம் போக்குவரத்தும் நிற்கிறது. யாராவது ஒரு ஆள் ஓய்வாக வரும் வரைக்கும் காத்திருக்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கடையில் கொடுப்பது லாபமா, நாமே செய்வது லாபமா? வாயால் பேசாமல் நோட்டில் போட்டோம். இது எங்கள் பக்கத்து விலை. உங்கள் ஊர் விலையை இதில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

குழுவுக்குப் பொதுவாக ஒரு சாமான் பை: கைப்பம்பு 300 ரூபாய், டயர் கழற்றும் லீவர் இரண்டு 60 ரூபாய், ஸ்பேனர் 180 ரூபாய். மொத்தம் 540 ரூபாய்.

குழுவில் ஆறு சைக்கிள். சீமைக்கருவேல் முள் உள்ள ஊர் என்பதால் ஒரு சைக்கிளுக்கு வருடம் நாலு பஞ்சர் என்று வைத்தோம். மொத்தம் 24 பஞ்சர். கடையில் ஒன்றுக்கு 30 ரூபாய் வீதம் 720 ரூபாய். வீட்டில் ஒட்டு, சொல்யூஷன், உப்புத்தாள் சேர்த்து ஒன்றுக்கு 5 ரூபாய் வீதம் 120 ரூபாய். மிச்சம் 600 ரூபாய். சாமான் பைக்குப் போட்ட 540 போக, முதல் வருடம் கையில் நிற்பது 60 ரூபாய்தான்!

"அறுபது ரூபாய்க்கா இந்தப் பாடு?" என்று ஒரு மதினி சிரித்தார். நியாயமான கேள்வி. ஆனால் நோட்டில் ஏறாத கணக்கு ஒன்று உண்டு. மூன்று கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், கடைக்காரர் கை ஓயும் வரை உட்கார்ந்து, திரும்பி வர அரை நாள் ஆகிறது. அரை நாள் கூலி போகிறது. பிள்ளையாக இருந்தால் அரை நாள் பள்ளி போகிறது. வீட்டில் பழகின கைக்கு அரை மணி நேரம். முதல் தடவை ஒன்றரை மணி நேரம் ஆகும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

கடை பக்கத்திலேயே இருக்கிற ஊர் என்றால் இந்தக் கணக்கு மாறும். அங்கே 30 ரூபாய் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்ப்பதே மேல்.

பஞ்சர் ஒட்டும் முறை

1. முதலில் காற்று வாயைப் பாருங்கள். காற்று அடித்துவிட்டு, வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் வால்டியூப் போயிருக்கிறது. அதை மாற்றினால் போதும்.

2. அதில் கோளாறு இல்லை என்றால் காற்றை முழுக்க இறக்கி, லீவரால் டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்முக்கு வெளியே நெம்புங்கள். சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். திருப்புளி, அரிவாள் நுனி போட்டு நெம்பக் கூடாது. டியூபில் புது ஓட்டை விழும்.

3. டியூபை வெளியே எடுத்துக் கொஞ்சம் காற்று அடித்து, தண்ணீர்ச் சட்டியில் சுற்றிச் சுற்றி அமுக்குங்கள். குமிழி வரும் இடத்தில் அடையாளம் வையுங்கள். ஒரு ஓட்டையோடு நிறுத்தாமல் முழுச் சுற்றும் பாருங்கள்.

4. காற்றை இறக்கி, ஈரம் துடைத்து, அந்த இடத்தை உப்புத்தாளால் தேயுங்கள். பளபளப்பு போக வேண்டும்.

5. சொல்யூஷனை மெல்லிசாக, ஒட்டைவிடக் கொஞ்சம் அகலமாகத் தடவுங்கள். உடனே ஒட்டாதீர்கள்! நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்யும் தப்பு இதுதான். ஐந்து நிமிடம் காய விட்டு, தொட்டால் கையில் வராத பக்குவத்தில் ஒட்டை வைத்து அழுத்துங்கள்.

6. டியூபைத் திரும்பப் போடும் முன், டயரின் உள்பக்கம் முழுக்கத் துணியால் தடவிப் பாருங்கள். குத்தின முள் அங்கேயே இருக்கும். அதை எடுக்காவிட்டால் நாளைக்கும் பஞ்சர்தான்.

7. டயரைக் கையாலேயே உள்ளே தள்ளுங்கள். டியூப் எங்கும் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் மாட்டாமல் பார்த்துக் காற்று அடியுங்கள்.

பஞ்சரே வராமல் இருக்க வேண்டுமென்றால் காற்றைக் குறைய விடக் கூடாது. காற்று இல்லாமல் ஓட்டினால் டியூப் நசுங்கும், டயர் ஓரம் வெடிக்கும். டயர் விலை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

செயினுக்கு மாதம் ஒரு தரம் பழந்துணியால் அழுக்குத் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடலாம். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும். மேலே வழியும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.

நாங்கள் செய்த தப்பு

கற்றுக்கொண்ட ஆர்வத்தில் எங்களுக்குள் ஒரு மிதப்பு வந்தது. ஒரு உறுப்பினர் செயினுக்கு எண்ணெய் விட்டபோது, "கிரீச்னு சத்தம் போடுதே" என்று பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் சேர்த்து விட்டுவிட்டார். பக்கத்தில் நின்ற எங்களுக்கும் அது தப்பு என்று தோன்றவில்லை. மறுநாள் காலை கண்மாய்க் கரைச் சரிவில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. முழங்கை தோல் உரிந்தது. பால் கேனில் ஆறு லிட்டர் பால் மண்ணில் போனது. உயிருக்குச் சேதமில்லை என்பதுதான் ஆறுதல். பிரேக் பிடிப்பதே கட்டை ரிம்மில் உரசுவதால்தான். அங்கே எண்ணெய் பட்டால் பிடிப்பு எங்கிருந்து வரும்?

அதற்குப் பின் ஒரு விதி வைத்துக்கொண்டோம். கை வைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: "இது தப்பாகப் போனால் வண்டி நின்று போகுமா, நாம் விழுந்து போவோமா?" நின்று போகும் வேலை என்றால் நாமே பழகலாம். விழுந்து போகும் வேலை என்றால் கடைக்குத்தான்.

கைக்கு: காற்று, வால்டியூப், பஞ்சர், செயின் எண்ணெய், சீட் உயரம், மட்கார்டு நட்டு, பெல்.

கடைக்கு: பிரேக் சரிசெய்வது, சக்கரக் கோட்டம் எடுப்பது, கம்பி மாற்றுவது, ஹேண்டில் ஆட்டம், பெடல் அச்சு, குண்டு மாற்றுவது, பிரேமில் விரிசல்.

கடைக்காரரும் நம் ஊர்க்காரர்தான். கோட்டம் எடுப்பது வருடக்கணக்கில் வந்த கைப்பழக்கம். அதற்குக் கொடுக்கும் காசு வீண் செலவு இல்லை. வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், எது தேய்ந்தது என்று கேளுங்கள். எங்களுக்குப் பஞ்சர் ஒட்டக் கற்றுக் கொடுத்தவரே ஒரு கடைக்காரர்தான். "நீங்க கத்துக்கிட்டா என் பொழப்பு போயிராதாம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். போகவில்லை. சுவரில் சாத்திக் கிடந்த சைக்கிள்கள் ஓட ஆரம்பித்ததும் டயர், கட்டை, கோட்டம் என்று அவரிடம் போகிற வேலை கூடத்தான் செய்திருக்கிறது.

கடன் கேட்ட அக்கா அந்தக் கடனை வாங்கவில்லை. வால்டியூப் போட்டதற்கு மறுநாளே பிள்ளை பள்ளிக்குப் போனாள். இப்போது குழுவின் சாமான் பை அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. பிளஸ் டூவை நிறுத்தும் பேச்சு அந்த வீட்டில் இல்லை. இனி பஞ்சர் ஆனால் அப்பாவை எதிர்பார்க்க மாட்டேன் என்கிறாள் அவள்.

குழுவில் பேசுவோம்

1. நம் குழுவில் எத்தனை சைக்கிள் ஓடுகிறது? எத்தனை சும்மா நிற்கிறது? ஏன்?

2. நம் ஊரிலிருந்து கடை எவ்வளவு தூரம்? மேலே சொன்ன கணக்கை நம் விலையில் போட்டால் லாபமா, நட்டமா?

3. பொதுவில் சாமான் பை வாங்கினால் யார் பொறுப்பு? எடுத்தவர், திருப்பியவர் விவரம் எழுத நோட்டு உண்டா?

4. பள்ளி போகும் பெண் பிள்ளைகளையும் சேர்த்து, அடுத்த கூட்ட நாளில் ஒரு மணி நேரம் பஞ்சர் ஒட்டிப் பழகலாமா?

பேசி முடித்து, தீர்மான நோட்டில் எழுதுங்கள்.