இன்றைய நாள்

திவ்விய பூசையில் முழந்தாளிட்டிருக்கும்போதே வீட்டு அடுப்பை நினைக்கிறோம். அடுப்பண்டை நிற்கும்போது மகளின் கலியாணக் கடனை நினைக்கிறோம். பிள்ளை ஏதோ சொல்ல வந்தால் "உம், உம்" என்கிறோம். அது சொன்னது என்னவென்று கேட்டால் தெரியாது. கடன் தீரட்டும், பையன் படித்து முடிக்கட்டும், அப்புறம் நிதானமாய்ச் செபிக்கலாம் என்று தள்ளிக்கொண்டே போகிறோம்.

பிரிய விசுவாசிகளே, காத்திருப்பதற்கு நம்மைவிட அதிக நியாயம் இருந்த ஒருவரைப் பாருங்கள். வியட்நாம் தேசத்து மேற்றிராணியார் பிரான்சிஸ் சவேரியார் நுகுயென் வான் துவான், 1975 ஏப்ரலில் சைகோன் நகரின் துணை அதிமேற்றிராணியாராக நியமனம் பெற்றார். சில நாட்களில் நகரம் கம்யூனிஸ்டுகள் வசமாயிற்று. ஆகஸ்டு 15, தேவமாதாவின் ஆரோபணத் திருநாளன்று அவரைக் கைது செய்தார்கள். விசாரணையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. 13 வருஷம் காவல். அதில் 9 வருஷம் தனிச்சிறை. தீர்ப்பே இல்லாதவருக்கு விடுதலைத் தேதி ஏது?

விடுதலையை எதிர்பார்த்து நாளை எண்ணுவதில்லை, இருக்கிற நாளை அன்பால் நிரப்புவது என்று அவர் தீர்மானித்தார். முதலில் ஒரு கிராமத்தில் வீட்டுக்காவலில் இருக்கையில், ஒரு சிறுவன் மூலமாகப் பழைய நாட்காட்டித் தாள்களை வரவழைத்து, ராத்திரிகளில் அவற்றின் பின்புறத்தில் தம் மக்களுக்கு ஞானபுத்தி எழுதினார். சிறுவனுடைய சகோதர சகோதரிகள் பிரதி எடுத்தார்கள். "நம்பிக்கையின் பாதை" என்ற புத்தகம் இப்படித்தான் உண்டாயிற்று. பிறகு சிறையிலே, வயிற்றுவலி மருந்து என்ற பேரில் வந்த திராட்சரசம் மூன்று துளி, தண்ணீர் ஒரு துளி, உள்ளங்கையில் விட்டுப் பூசை செய்தார். பீடம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் எத்தனை வருஷம் பூசையின்றிப் போயிருக்கும்!

தம் மேற்றிராசனத்து வேலைகளெல்லாம் பாழாகின்றனவே என்ற எண்ணம் அவரைத் தூங்கவிடாமல் வாட்டியது. அவை சர்வேசுரனுடைய வேலைகள்தான், சர்வேசுரன் அல்ல என்று ஓர் இரவு உணர்ந்த பிறகே மனம் அமர்ந்தது. இது நமக்கு நன்றாய் உறைக்க வேண்டும். பிள்ளைக்காகத்தானே ஓடுகிறேன் என்கிற தகப்பனார், அந்தப் பிள்ளையின் முகத்தை எத்தனை நாளாய்ப் பார்க்கவில்லை?

நாளையைப் பற்றிக் கவலைப்படாதிருக்கச் சேசுநாதர் சுவாமி சொன்னது, விதைநெல் எடுத்துவைக்க வேண்டாம் என்பதற்கல்ல. எடுத்துவைத்த பிறகும் ராத்திரியெல்லாம் அதை எண்ணிக்கொண்டு கிடப்பதைத்தான் வேண்டாமென்றார்.

வான் துவான் ஆண்டவர் 1988 நவம்பர் 21-ந் தேதி விடுதலையானார், 2001-ல் கர்தினாலானார், 2002-ல் மரித்தார்.

இந்த வாரத்துக்கு ஒரு சிறு பயிற்சி: நடுப்பகல் திரிகால மணி அடிக்கும்போது, கையிலுள்ள கரண்டியோ பேனாவோ எதுவானாலும் கீழே வையுங்கள். இராச்சாப்பாட்டின்போது கைபேசிகள் எல்லாம் அலமாரிக்குள் இருக்கட்டும். பெரியவர்களுடையதை முதலில் வையுங்கள்.