பெண்கள் ஏன் குறைவு? வாதத்தை எடை போடும் வழி

கொல்கத்தாவின் ஐ.டி. பகுதியான சால்ட் லேக் செக்டார் ஃபைவில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பேச்சு எழும்: ஐ.டி.யில் மேலே போகப் போகப் பெண்கள் ஏன் குறைகிறார்கள்? ‘அவங்களே விட்டுட்டுப் போயிடறாங்க’ என்பார் ஒருவர். ‘மேலே வர விட்டாத்தானே’ என்பார் இன்னொருவர். யார் சொல்வதில் சரக்கு இருக்கிறது என்று பார்க்க ஒரு முறை உண்டு.

முதல் வேலை, எண்ணிக்கையையும் காரணத்தையும் பிரிப்பது. ‘குறைவு’ என்பது எண்ணிக்கை. ‘இதனால் குறைவு’ என்பது காரணம். முன்னதற்கு ஆதாரம் காட்டிவிட்டுப் பின்னதை நிரூபித்ததாக நினைப்பதில் இரு தரப்பும் கெட்டி.

அடுத்து, ‘எத்தனை பேரில்?’ என்று கேளுங்கள். பத்து இடங்களில் இரண்டுதான் பெண்களுக்கு என்கிறார்கள். விண்ணப்பித்த 100 பேரில் பெண்கள் 20 என்றால் தேர்வில் சாய்வு இருப்பதாகத் தெரியவில்லை. 40 என்றால் கிளறிப் பார்க்க வேண்டியதுதான். எட்டுப் பேர் குழுவில் இருவர் விலகியதை ‘25 சதவீதம்’ என்று சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

எண்களை நீங்களே தேடலாம். பங்குச்சந்தையில் சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்கள், 2022-23 முதல், சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி பி.ஆர்.எஸ்.ஆர். என்ற வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையைத் தந்தாக வேண்டும்; ஆண்டறிக்கையோடு கிடைக்கும். வேலையை விட்டவர்களின் விகிதம், பெற்றோருக்கான விடுப்பு முடிந்து திரும்பியவர்களின் விகிதம், இடைநிலைச் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எல்லாம் ஆண், பெண் என்று தனித்தனியாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: பெண்களின் இடைநிலைச் சம்பளம் குறைவு என்றால் ஒரே வேலைக்குக் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று ஆகாது. கீழ்நிலைப் பதவிகளில் பெண்கள் அதிகம் இருந்தாலும் அப்படித்தான் வரும். செக்டார் ஃபைவ் கிளைக்கென்று தனிக் கணக்கும் அதில் கிடைக்காது.

காரணத்துக்கு வருவோம். 2022-23 ஆண்டில் பெண்கள் விலகும் விகிதம் ஆண்களைவிட அதிகம் என்று டி.சி.எஸ். ஆண்டறிக்கையில் அப்போதைய மனிதவளத் தலைவர் மிலிந்த் லக்கட் சொன்னார். அது எண், நம்பலாம். கொரோனாக் காலத்து வீட்டு வேலைமுறை சிலரின் குடும்ப ஏற்பாட்டை மாற்றியிருக்கலாம் என்பதையும் சேர்த்தார், உள்ளுணர்வாகத் தோன்றுவது என்ற அடையாளத்தோடு. வாய்க்கு வாய் பரவும்போது இந்த அடையாளம்தான் முதலில் உதிரும். அந்த ஊகத்தைச் சோதிக்க, அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டவர்களையும் வீட்டிலேயே தொடர்ந்தவர்களையும், இரு பாலரிலும், ஒப்பிட்டாக வேண்டும். விலகும்போது எழுதிக்கொடுக்கும் காரணம் போதாது. அனுபவச் சான்றிதழ் வாங்க வேண்டியவர் மேலாளரைக் குறை சொல்லி எழுதுவாரா?

காரணத்தைக் காட்டும் உயர்ந்த ரக ஆதாரம் எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் பக்கத்திலேயே, பீர்பூம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே 2000-ஆம் ஆண்டு வாக்கில் பஞ்சாயத்துத் தலைவர் பதவியில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. எந்தப் பஞ்சாயத்துக்கு அது என்பதை ஊர் தீர்மானிக்கவில்லை, சுழற்சி விதி தீர்மானித்தது. ஆகவே ஒதுக்கிய ஊரையும் ஒதுக்காத ஊரையும் நியாயமாக ஒப்பிட முடிந்தது. ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பெண் தலைவர்கள் குடிநீருக்கு அதிகம் செலவழித்தது தெரிந்தது. அதற்காக இதை ஐ.டி. நிறுவன இயக்குநர் குழுவுக்கு அப்படியே பொருத்திவிடாதீர்கள்.

உங்கள் அலுவலகத்தில் ஒன்று செய்யலாம். ஒரே கிரேடில் ஒரே ஆண்டு சேர்ந்தவர்களில், மூன்று ஆண்டுக்குள் பதவி உயர்வு பெற்ற ஆண்கள் எத்தனை சதவீதம், பெண்கள் எத்தனை என்று எச்.ஆரிடம் கேளுங்கள். தர மறுத்தால் அதையே பாரபட்சத்துக்கு ஆதாரமாகக் காட்ட முடியாது. பாரபட்சமே இல்லை என்று அவர்களும் அடித்துச் சொல்ல முடியாது.