உணவும் உள்ளமும்

தருமபுரி மாவட்டத்தார் கேழ்வரகுக் களியோடு அவரைக் குழம்பும் கீரையும் சேர்த்து உண்பர். துணையின்றி ஒரே தானியத்தை நம்பினோர்க்கு நேர்ந்த துன்பம் பெரிது.

நூறாண்டுகட்கு முன், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மக்காச்சோளத்தையே பெரிதும் உண்ட ஏழையர் ‘பெல்லாகரா’ என்னும் நோயால் வருந்தினர். தோல் கறுத்து வெடித்தது, சிந்தை கலங்கியது, மனநோய் விடுதிகளிலும் இந்நோயாளர் பலர் இருந்தனர். தொற்றுநோய் என்றே மருத்துவர் பலர் நம்பினர். சோசப்பு கோல்டுபெர்கர் என்பார் 1914-ஆம் ஆண்டில் விடுதி உணவில் பாலும் முட்டையும் பயறும் இறைச்சியும் சேர்ப்பித்தார், நோய் அகன்றது! குறைந்தது நியாசின் என்னும் வைட்டமினே என்பது 1937-க்குப் பின் தெளிவாயிற்று. ஐதராபாத்தில் சோளம் உண்டோரிடமும் இந்நோயைக் கண்டு டாக்டர் கோபாலன் ஆராய்ந்தார்.

எனினும், மனநோய் யாவும் வைட்டமின் குறைவால் வருவன அல்ல. மனச்சோர்வால் உணவை வெறுத்தவர்க்கும், சிலவகை உணவையே ஏற்கும் ஆட்டிசக் குழந்தைக்கும் குருதியில் வைட்டமின் குறைதல் உண்டு. அங்கே அக்குறைவு நோயின் காரணமன்று, அதன் விளைவு. ஆதலின் மருத்துவர் குருதியைச் சோதித்துக் குறைந்ததை ஈடுசெய்வர். மனநோய்க்குரிய மருத்துவத்தையும் கைவிடார்.