செயலி காட்டும் பேட்டரி ஆரோக்கியத்தை நம்பலாமா?

கேள்வி: பழைய மின்சார ஸ்கூட்டர் ஒன்றை வாங்கப் பேசி வைத்திருக்கிறேன். 'பேட்டரி ஆரோக்கியம் 91 சதவீதம், ஏ.ஐ. கணித்தது' என்று விற்பவர் செல்போன் செயலியைக் காட்டுகிறார். பேட்டரியைத் திறக்காமலேயே இது எப்படித் தெரியும்? நம்பிப் பணம் கொடுக்கலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

லித்தியம்-அயன் செல்லுக்குள் கிராஃபைட் மின்முனையின் மேல் ஒரு மெல்லிய படலம் வளர்கிறது. அது வளர வளர, ஓடியாட வேண்டிய லித்தியத்தைத் தனக்குள் முடக்கிக்கொள்கிறது. மிக வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே படிந்துவிடுவதும் உண்டு. இந்தச் சேதம் தொடக்கத்தில் வண்டி ஓடும் தூரத்தில் தெரியாது. நெடுநாள் மெதுவாகத் தேய்ந்த செல், ஒரு கட்டத்தில் மளமளவென்று இறங்கிவிடும்.

அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி., டொயோட்டா ஆய்வு நிறுவனம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் செய்த ஆய்வு, 2019-இல் 'நேச்சர் எனர்ஜி' இதழில் வந்தது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 124 செல்களை, 30 டிகிரி வெப்பத்தில், விதவிதமான வேகங்களில் சார்ஜ் ஏற்றி இறக்கினார்கள். கொள்ளளவு 80 சதவீதமாகக் குறைய, சில செல்களுக்குச் சுமார் 150 சுற்றுகளே போதுமாயின. சில 2,300 சுற்றுகள் வரை தாங்கின. ஆனால் 100-ஆவது சுற்றில் கொள்ளளவை அளந்தால் எது சீக்கிரம் சாகும் என்று சொல்ல முடியவில்லை. பல செல்களில் அது தொடக்கத்தைவிடச் சற்றுக் கூடியே இருந்தது!

அவர்கள் வேறிடத்தில் பார்த்தார்கள். செல் இறங்கும்போது ஒவ்வொரு வோல்டேஜிலும் எவ்வளவு மின்னூட்டம் வெளியேறுகிறது என்று ஒரு கோடு வரையலாம். 100-ஆவது சுற்றின் கோட்டிலிருந்து 10-ஆவது சுற்றின் கோட்டைக் கழித்தார்கள். அந்த வித்தியாசம் எவ்வளவு ஏறி இறங்குகிறதோ, அவ்வளவுக்கு ஆயுள் குறைவு. இதையும் வேறு சில அளவுகளையும் வைத்துச் சுமார் 9 சதவீதப் பிழையோடு ஆயுளைக் கணித்தார்கள். அதற்குப் பயன்பட்டது எளிய நேரியல் சமன்பாடுதான். எதை அளக்க வேண்டும் என்பதை வேதியியல் அறிவோடு தேர்ந்தெடுத்தார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் பெருமையே அதுதான்.

ஆனால் அது ஒரே வகைச் செல், ஒரே வெப்பநிலை, ஒரே சீரான இறக்கம். உங்கள் ஸ்கூட்டரோ சித்திரை வெயிலில் நின்றிருக்கும், இருவரைச் சுமந்து மேம்பாலம் ஏறியிருக்கும், பாதிச் சார்ஜில் பலமுறை பிடுங்கப்பட்டிருக்கும். ஒரு வகைச் செல்லில் பயின்ற கணிப்பு மாதிரி, வேறு வகைச் செல்லில் தடுமாறும். அந்தச் செயலி எந்தத் தரவில் பயின்றது என்பது விற்பவருக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஆகவே நேரடியாக அளந்துவிடுங்கள். முழுச் சார்ஜ் ஏற்றி, முழுக்க இறக்கி, எத்தனை ஆம்பியர்-மணி கிடைக்கிறது என்று சர்வீஸ் மையத்தில் எழுதி வாங்குங்கள். பேட்டரியின் மேல் அச்சிட்ட அளவோடு அதை ஒப்பிடுங்கள். செல்களுக்கிடையே வோல்டேஜ் வித்தியாசம் எவ்வளவு என்றும் கேளுங்கள். ஒரு செல் நலிந்தாலும் மொத்தப் பேட்டரியும் அதோடு நின்றுவிடும். உத்தரவாதம் உங்கள் பெயருக்கு மாறுமா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தச் சோதனைக்கு விற்பவர் மறுத்தால், அந்த வண்டி வேண்டாம்.