மாதவிடாய் வலி: கருப்பையில் நடப்பது என்ன?

மாணவர்களே, மாதவிடாய் சுழற்சியைப் படிவம் 1 அறிவியலில் படித்திருப்பீர்கள். கருத்தரிப்பு நிகழாதபோது கருப்பையின் உட்சுவர் சிதைந்து இரத்தத்துடன் வெளியேறுகிறது. ஆனால், அந்நாள்களில் அடிவயிறு ஏன் வலிக்கிறது? சில மாணவிகள் பள்ளிக்கே வர முடியாமல் போவது ஏன்?

வலியின் காரணம்

உட்சுவர் சிதையும்போது புரோஸ்டாகிளாண்டின் எனும் வேதிப்பொருள் சுரக்கிறது. அது கருப்பைத் தசையைச் சுருங்கச் செய்து, சிதைந்த திசுவை வெளியே தள்ள உதவுகிறது. தசை இறுகும்போது அதிலுள்ள இரத்தக் குழாய்களும் நெருக்கப்படுகின்றன. தசைக்குக் கிடைக்கும் உயிர்வளி குறைகிறது, வலி எழுகிறது. வலி கடுமையாக உள்ளவர்களிடம் இப்பொருள் பெரும்பாலும் கூடுதலாகவே காணப்படுகிறது. குமட்டல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கும் இதுவே காரணமாகலாம். ஆகவே, இவ்வலி கற்பனையன்று, சோம்பலுக்கான சாக்குமன்று. மாணவர்களும் இதை அறிந்திருப்பது நல்லது.

யாருக்கு அதிகம்?

இளவயதிலேயே பூப்படைந்தவர்கள், இரத்தப்போக்கு மிகுந்தவர்கள், தாய்க்கோ அக்காளுக்கோ இவ்வலி இருந்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். இவற்றுள் பூப்படைந்த வயதையும் குடும்ப வரலாற்றையும் நாம் மாற்ற முடியாது. புகைபிடித்தல், பிறர் விடும் புகையைச் சுவாசித்தல், மன உளைச்சல், காலை உணவைத் தவிர்த்தல் ஆகியவையும் வலியுடன் தொடர்புடையவை என ஆய்வுகள் காட்டுகின்றன.

இங்கே ஓர் அறிவியல் பாடம் உண்டு. தொடர்பு வேறு, காரணம் வேறு. காலையில் சாப்பிடாததால் வலி கூடுகிறதா, வலியாலும் குமட்டலாலும் சாப்பிட முடியவில்லையா? கருத்தாய்வு மட்டும் இதற்கு விடை தராது.

‘ஐஸ் தண்ணீர் குடித்தால் இரத்தம் கட்டிவிடும்’ என்று வீட்டில் சொல்வார்கள். குடித்த நீர் வயிற்றுக்குள் சென்றபின் சிறிது நேரத்தில் உடல் வெப்பத்துக்கு, அதாவது ஏறக்குறைய 37 பாகை செல்சியசுக்கு, வந்துவிடும். அது கருப்பைக்குள் செல்வதும் இல்லை.

என்ன செய்யலாம்?

• அடிவயிற்றில் வெந்நீர்ப் பையைத் துணி சுற்றி வைக்கலாம்.
• வாரம் மூன்று முறையாவது உடற்பயிற்சி செய்யலாம்.
• ஐபுபுரோஃபென், மெஃபனமிக் அமிலம் போன்ற மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே குறைக்கின்றன. மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டு, உணவுக்குப் பின் உட்கொள்ளுங்கள். ஆஸ்துமா, வயிற்றுப்புண் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். காய்ச்சல் இருந்து டிங்கி எனச் சந்தேகித்தால் இவற்றைத் தொடாதீர்கள். இரத்தக்கசிவு அபாயம் உண்டு.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

வலி பொதுவாக ஒன்று முதல் மூன்று நாள்களில் தணியும். மருந்துக்கும் அடங்காத வலி, மாதாமாதம் கூடிவரும் வலி, மாதவிடாய் அல்லாத நாள்களிலும் வரும் வலி ஆகியவை எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோயின் அறிகுறியாகலாம். ‘பெண் என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டும்’ என்று யார் சொன்னாலும், அம்மாவிடமோ ஆசிரியையிடமோ சொல்லி மருத்துவரைப் பாருங்கள். வலி தொடங்கிய நாள், நீடித்த நேரம், தவறவிட்ட பள்ளி நாள்கள் ஆகியவற்றை மூன்று மாதங்களுக்குக் குறித்து வைத்திருந்தால் மருத்துவருக்குப் பேருதவியாக இருக்கும்.

சிந்திக்க

1. கருப்பைத் தசை சுருங்கும்போது உயிர்வளி குறைவது ஏன்?
2. வலி தொடங்கியவுடன் மருந்து எடுப்பது, வலி முற்றிய பின் எடுப்பதைவிட ஏன் பயன் தரும்?