தீனி எடுக்காத முயல்: மெலிவைத் தடுக்கும் முறைகள்

வீட்டுக் கொல்லையில் நான்கைந்து கூண்டுகள் வைத்து முயல் வளர்க்கும் சிறு விவசாயிகள் பலர் உள்ளனர். பசுந்தீவனமும் வீட்டு ஆட்களின் உழைப்பும் இருந்தால் இத்தொழிலுக்குப் பெரிய முதலீடு தேவையில்லை. ஆனால் ஐந்து பெட்டை முயல்கள் உள்ள பண்ணையில் ஒன்று மெலிந்து சினை பிடிக்காமல் போனாலும் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆகவே, தீனி எடுக்காத முயலை உடனே கண்டறிந்து தேற்றுவது மிகவும் அவசியமாகும்.

முயல் தீனியை ஒதுக்கினால், அதற்கு வாய் ருசி கூடிவிட்டது என்று எண்ணி, மக்காச்சோளம், ரொட்டித் துண்டு, வெல்லம் என்று மாற்றி மாற்றிக் கொடுப்பது பல இடங்களில் வழக்கமாக உள்ளது. இது நன்மைக்குப் பதில் தீமையையே செய்கிறது. காரணத்தைக் கண்டுபிடிப்பது முதல் வேலை. தீனியை மாற்றுவது அதற்குப் பிறகுதான்.

முயலின் வயிறு

முயலின் குடல் ஆடு மாடுகளின் குடலைப் போன்றதன்று. அதற்கு அசைபோடும் இரைப்பை இல்லை. இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் அப்பால் உள்ள பெரிய குருட்டுக்குடலில்தான் நுண்ணுயிர்கள் தீனியைப் புளிக்க வைத்துச் செரிக்கச் செய்கின்றன. புல்லிலும் தழையிலும் உள்ள நார்ச்சத்துதான் குடல் இடைவிடாமல் அசைவதற்கு உதவுகிறது. நார் குறைந்து தானியம் மிகுந்தால் குடல் அசைவு மந்தமாகி, வாயு சேர்ந்து, வயிறு உப்பிவிடும். முயலால் வாந்தி எடுக்கவும் இயலாது. எனவேதான் 24 மணி நேரம் எதுவும் தின்னாத முயலை ஆபத்தில் உள்ள முயலாகக் கருத வேண்டும்.

முயல் இரவிலும் விடியற்காலையிலும் மிருதுவான, பளபளப்பான சிறு கொத்துகளாக வரும் ஒருவகைப் புழுக்கையை ஆசனவாயிலிருந்தே நேராக எடுத்து விழுங்கும். இது நோயன்று. இதன் மூலம் புரதமும் பி வைட்டமின்களும் அதற்குத் திரும்பக் கிடைக்கின்றன. இதைத் தடுக்க முயலக்கூடாது.

முதலில் சோதிக்க வேண்டியவை

1. தண்ணீர்: தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும். நிப்பிள் குழாய் அடைத்துக்கொண்டிருப்பதை வளர்ப்போர் பல நாட்கள் கவனிப்பதில்லை. தினமும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். 4 கிலோ எடையுள்ள முயலுக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 முதல் 400 மில்லி தண்ணீர் தேவை. பாலூட்டும் தாய்க்கு இதைவிட மிக அதிகமாகத் தேவைப்படும்.

2. பற்கள்: முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்திற்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வளரக்கூடியவை. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாவிட்டால் அவை தேயாமல் நீண்டு, வாயைக் குத்தும். தீனிப் பாத்திரத்தருகே ஆவலுடன் வந்து, பின் தின்னாமல் திரும்புவதும், மோவாய் ஈரமாக இருப்பதும் இதன் அறிகுறிகளாகும். நீண்ட பல்லைக் குறட்டாலோ நகவெட்டியாலோ வெட்டினால் பல் பிளந்துவிடும். கால்நடை மருத்துவரைக் கொண்டே சரி செய்ய வேண்டும். பிறவியிலேயே இக்குறை உள்ள முயலை இனவிருத்திக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

3. காதும் காலும்: காதினுள் பழுப்பு நிறப் பொருக்குக் கட்டியிருந்தால் அது காதுச் சொறி. அரிப்பினால் முயல் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். தீனியில் நாட்டம் குறையும். பொருக்கைப் பிய்க்காமல் மருத்துவரிடம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கம்பி வலைத் தரையில் பின்னங்கால் புண்ணானாலும் முயல் ஒரு மூலையிலேயே உட்கார்ந்துவிடும். அதற்கு உட்கார ஒரு மரப்பலகையைக் கூண்டினுள் வைக்க வேண்டும்.

4. வெப்பம்: முயலுக்கு வியர்வை மூலம் உடல் சூட்டைத் தணிக்க இயலாது, காதுகளின் வழியாகவே பெரும்பாலும் சூடு வெளியேறுகிறது. வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தீனி எடுப்பது குறையத் தொடங்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் சமவெளிப் பகுதிகளில் கொட்டகையின் மேல் தென்னங்கீற்று வேய்ந்து, பக்கங்களில் ஈரச் சாக்கு கட்டி, காற்று தடையின்றி வரச் செய்ய வேண்டும்.

5. புழுக்கை: உருண்டையான, உலர்ந்த புழுக்கை நல்ல உடல்நிலையைக் காட்டும். அது சிறுத்துப் போனால் முயல் போதிய அளவு தின்னவில்லை என்று பொருள். குட்டிகளுக்குக் கழிச்சலும் வயிறு பெருத்து முதுகெலும்பு தெரிவதும் இரத்தக் கழிச்சல் நோயின் அடையாளமாக இருக்கலாம். புழுக்கையை எடுத்துச் சென்று கால்நடை மருத்துவமனையில் சோதித்துக்கொள்வது நல்லது.

பூஞ்சணத் தீனி

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கடலைப் பிண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பூஞ்சணம் பிடிக்கும். அதில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நச்சை முயல் சிறிதும் தாங்காது. தீனி எடுக்காமல் மெலிந்து, ஈரல் கெட்டு இறக்கும். மக்கல் வாடை வீசும் தீனியை, உலர்த்தினாலும் வறுத்தாலும் சரியாகிவிடும் என்று நம்பிக் கொடுக்கக் கூடாது. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்க வேண்டும்.

பொறுக்கித் தின்னும் முயல்

மேற்கூறிய குறைகள் எதுவும் இல்லாமலே சில முயல்கள் கலப்புத் தீவனத்தில் தானியத்தை மட்டும் பொறுக்கித் தின்று, தவிட்டையும் தாது உப்பையும் பாத்திரத்தில் விட்டுவிடும். வளர்ப்பவர் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவார். முயலுக்கு மீண்டும் தானியம் மட்டுமே கிடைக்கும். பாத்திரம் காலியாவதுபோல் தோன்றினாலும் முயல் மெலியும்.

கீழ்க்கண்ட கலவையைப் பயன்படுத்தலாம்: மக்காச்சோளம் 30 பங்கு, கம்பு 30 பங்கு, கோதுமைத் தவிடு 25 பங்கு, கடலைப் பிண்ணாக்கு 13 பங்கு, தாது உப்புக் கலவை 1.5 பங்கு, சமையல் உப்பு 0.5 பங்கு. எல்லாவற்றையும் ஒரே சீராக உடைத்து, உதிரியாகப் பிசையும் அளவுக்குத் தண்ணீர் தெளித்துக் கொடுத்தால் பொறுக்க முடியாது; தூசி மூக்கில் ஏறுவதும் தவிர்க்கப்படும். ஈரத் தீனியில் மிஞ்சியதைச் சில மணி நேரத்தில் எடுத்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவ வேண்டும். குச்சித் தீவனம் கிடைக்குமிடங்களில் அதையும் பயன்படுத்தலாம்.

4 கிலோ எடையுள்ள முயலுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் கலப்புத் தீவனமும் சுமார் 250 கிராம் பசுந்தீவனமும் போதும். பாலூட்டும் தாய்க்குக் கலப்புத் தீவனத்தை 150 கிராமாக உயர்த்தலாம். முயல் இரவில்தான் அதிகம் தின்னும். ஆகவே தீனியின் பெரும்பகுதியை மாலையில் கொடுப்பதே முறை.

பசுந்தீவனத்தில் வேலிமசால், குதிரைமசால், முயல்மசால், கல்யாண முருங்கை, அகத்தி, அருகம்புல் ஆகியவை ஏற்றவை. மழை ஈரமோ பனி ஈரமோ உள்ள தழையை நிழலில் வாட்டிய பிறகே போட வேண்டும். சவுண்டல் தழையில் மைமோசின் என்னும் நச்சுப்பொருள் உள்ளது. அதையே தினமும் கொடுத்தால் முடி உதிர்ந்து எடையும் குறையும். முட்டைக்கோசு இலையை அதிகமாகக் கொடுத்தால் வயிறு உப்பும். உலர்ந்த புல் எப்போதும் கூண்டில் இருக்க வேண்டும். கடைவாய்ப்பற்கள் தேய்வதற்கும் இதுவே வழி.

மெலிந்த முயலைத் தேற்றுதல்

காரணத்தைச் சரி செய்த பின் முயலைத் தனிக் கூண்டில், நாய், பூனை வராத அமைதியான இடத்தில் வைக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு உலர் புல்லும் வாட்டிய தழையும் தண்ணீரும் மட்டும் போதும். நன்றாகத் தின்னத் தொடங்கியதும் கலப்புத் தீவனத்தை 25 கிராமில் ஆரம்பித்து, 7 முதல் 10 நாட்களில் முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். விரைவில் தேற வேண்டுமென்று ஒரே நாளில் தானியத்தைக் கொட்டினால் கழிச்சல் கண்டு, இருக்கும் எடையும் போய்விடும்.

தானாகத் தின்னாத முயலுக்குக் குச்சித் தீவனத்தை அல்லது வேலிமசால் இலைத்தூளை வெதுவெதுப்பான நீரில் கூழாகக் கரைத்து, ஊசி நீக்கிய சிரிஞ்சில் எடுத்து, முன்பற்களுக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தின் வழியாகச் சிறிது சிறிதாகப் புகட்டலாம். மல்லாக்கப் படுக்க வைத்துப் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். வயிறு மத்தளம் போல் இறுகி உப்பியிருந்தால் புகட்டாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

கோழிக்கோ ஆட்டுக்கோ வாங்கி மிஞ்சிய மருந்தை முயலுக்கு ஊற்றக் கூடாது. பென்சிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் போன்ற மருந்துகளை வாய்வழி கொடுத்தால் குருட்டுக்குடலின் நுண்ணுயிர்கள் அழிந்து முயல் இறக்க நேரிடும்.

எடைக் குறிப்பு

வாரம் ஒருமுறை, அதே கிழமையில், காலைத் தீனிக்கு முன் ஒவ்வொரு முயலையும் துணிப்பையில் இட்டுத் தொங்கு தராசில் எடை பார்த்துக் கூண்டு அட்டையில் குறித்து வர வேண்டும். அடர்ந்த முடி மெலிவைக் கண்ணுக்கு மறைத்துவிடும். முதுகெலும்பைத் தடவிப் பார்த்தால் கூர்மையாக விரலில் தட்டுப்படும். 4 கிலோ முயல் 3 கிலோ 600 கிராமுக்கு இறங்கினால் பத்தில் ஒரு பங்கு உடலை இழந்துவிட்டது என்று பொருள். குட்டிகளை வளர்த்து இளைத்த தாயை, பழைய எடை வரும்வரை கிடாவுடன் சேர்க்கக் கூடாது. அவசரப்பட்டுச் சேர்த்தால் சினை பிடிக்காது, அல்லது பிறக்கும் குட்டிகளுக்குப் பால் போதாது.

மூன்று வார வயதில் குட்டிகள் கூட்டுப்பெட்டியிலிருந்து வெளிவந்து தாயின் தீனியைக் கொறிக்கத் தொடங்கும். அப்போதிலிருந்தே பலவகைத் தழைகளைச் சிறிது சிறிதாகப் பழக்கினால், பிற்காலத்தில் ஒரே தீனிக்கு அடம்பிடிக்காது. மாலையில் தீனி வைக்கும்போது ஒவ்வொரு கூண்டின் முன்பும் சிறிது நேரம் நின்று, எந்த முயல் பாத்திரத்துக்கு வரவில்லை என்று பார்த்து வந்தால், பெரும்பாலான இழப்புகளைச் செலவின்றித் தவிர்க்கலாம்.