மழை, ஆறு, கடல்: மூன்றும் கூடும் வெள்ளம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

எங்கள் அச்சங்குளம் கடலைக் காணாத கரிசல் பூமி. ஆயினும் இப்பகுதியின் மழைநீர் ஓடைகள் வழியே வைப்பாற்றில் சேர்ந்து, மன்னார் வளைகுடாவில்தான் சென்று முடிகிறது. ஆதலால் கடலோர வெள்ளத்தைப் பற்றிய அறிவு நமக்கும் வேண்டியதே.

மூவகை நீர்

கடலோர ஊருக்கு வெள்ளம் மூன்று வழிகளில் வரும். ஊரின் மேலேயே பெய்யும் மழை ஒன்று. மேட்டு நிலத்திலிருந்து ஆறு கொண்டுவரும் நீர் மற்றொன்று. புயலால் உயரும் கடல் மூன்றாவது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ 1 செ.மீ. உயரும். அதனினும் பெரிது, காற்று நீரைக் கரைநோக்கித் தள்ளுவதால் நேரும் ஏற்றம். ஆழம் குறைந்த கடலில் இது மிகும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலில் கடல் இவ்வாறே ஊருக்குள் புகுந்தது.

இம்மூன்றையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினால் போதாதா? போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கூட்டல் ஏன் பொய்க்கிறது?

ஒரு சதுர கிலோமீட்டரில் 1 செ.மீ. மழை பெய்தால் 10,000 கன மீட்டர் நீர் சேரும். 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அதாவது, அங்கே ஒவ்வொரு சதுர கிலோமீட்டரிலும் 4,90,000 கன மீட்டர்! இந்நீர் கடலுக்குத்தான் போயாக வேண்டும்.

நீரில் மூழ்கிய மதகின் வழியே பாயும் நீரின் அளவு, இருபுற நீர்மட்ட வேறுபாட்டின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஊரின் நீர்மட்டம் கடலைவிட 1 மீட்டர் உயர்ந்திருக்கையில், ஒரு மதகு மணிக்கு 10,000 கன மீட்டர் வெளியேற்றுவதாகக் கொள்வோம். கடல் 75 செ.மீ. உயர்ந்தால் வேறுபாடு கால் பங்காகும். வெளியேற்றம் பாதியாகி 5,000 ஆகும். மேலும் 25 செ.மீ. உயர்ந்தால் வெளியேற்றம் சுழியம். ஆகவே, கடல் தன் நீரில் ஒரு துளியைக்கூட உள்ளே அனுப்பாமலே, வாசலை அடைத்து ஓர் ஊரை மூழ்கடிக்க வல்லது.

2023 டிசம்பர் 3, 4 நாட்களில் மிக்ஜாம் புயல் சென்னைக் கடலோரத்தை ஒட்டி மெல்ல நகர்ந்து பெருமழை கொட்டியது. 5ஆம் நாள் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. மழை ஓய்ந்த பின்னரும் வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்வான பகுதிகளில் நீர் நாட்கணக்கில் வடியவில்லை.

நிகழ்தகவின் எச்சரிக்கை

நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழையின் நிகழ்தகவு ஆண்டுக்கு 1/100. அத்தகைய கடல் ஏற்றத்திற்கும் 1/100. இரண்டும் ஒரே ஆண்டில் நேர்வது 1/10,000 என்று நாம் பெருக்கிவிடுவோம். இப்பெருக்கல் சார்பற்ற நிகழ்ச்சிகளுக்கே பொருந்தும். இங்கோ இரண்டும் ஒரே புயலின் பிள்ளைகள். உண்மை வாய்ப்பு அதைவிடப் பன்மடங்கு மிகுதியாகலாம். பட்டாசுத் தொழிலை அறிந்த நமக்கு இது விளங்கும். மருந்தையும் உராய்வையும் தனித்தனியே அளந்தால் விபத்தின் அளவு தெரிந்துவிடுமா?

கணித மாதிரி

நிலத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் உயரத்தையும் முதலில் குறிக்கின்றனர். வந்த நீரிலிருந்து சென்ற நீரைக் கழித்தால் தேங்கிய நீர் கிடைக்கும். இக்கணக்கைக் கணிப்பொறி மிகக் குறுகிய இடைவெளிகளில் திரும்பத் திரும்பச் செய்கிறது. மேலிருந்து மழை, ஒருபுறம் ஆறு, மறுபுறம் மணிக்கு மணி மாறும் கடல்மட்டம் ஆகிய மூன்றும் ஒரே கடிகாரத்தில் இயங்க வேண்டும். ஆற்றின் உச்சமும் கடலின் உச்சமும் சில மணி நேரம் விலகினாலே விளைவு மாறிவிடும்.

2015 வெள்ளத்திற்குப் பின், தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், சென்னை, மும்பை ஐ.ஐ.டி.க்கள், அண்ணா பல்கலைக்கழகம் முதலியவை இணைந்து சென்னைக்காக ‘சி-ஃப்ளோஸ்’ என்னும் வெள்ள எச்சரிக்கை முறையை உருவாக்கின. ஆனால் குப்பையால் தூர்ந்த கால்வாயைக் கணிப்பொறி தானாக அறியாது. நேரில் சென்று அளப்போர் வேண்டும்.

நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். வர்க்கமூலமும் நிகழ்தகவும் நமக்குத் தேர்வுக்குரிய பாடங்களாகவே தோன்றுகின்றன. ஆற்று முகத்துவாரத்தில் குடியிருக்கும் ஒரு மீனவக் குடும்பம் இன்றிரவு வீட்டில் தங்கலாமா, மேட்டுக்குச் செல்ல வேண்டுமா என்பதை அவையே கூற வேண்டியிருக்கிறது. அக்கணக்கைப் பிழையின்றிச் செய்யக் கற்போம்.